எத்தனை மணி நேரம் போட்டார்கள்?

எங்கள் வீட்டு அலமாரியில், குளிர்கால ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால், ஒரு பொன்னாடை மடித்தபடி கிடக்கிறது. மெரூன் நிறம், ஓரத்தில் ஜரிகை, பிரித்தால் இன்னும் பிளாஸ்டிக் உறையின் வாசம் வரும். 2024 பொங்கல் விழாவில் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் எனக்குப் போர்த்தியது. பள்ளிக்கூடக் கேஃபடேரியா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் அலுமினியத் தட்டுகளில் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்தவர் என் பெயரைச் சொல்லி, "தன்னலமற்ற சேவை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி வீடியோ எடுத்தாள். அதில் என் முகத்தைப் பார்த்தால், கல்யாண வீட்டில் தெரியாமல் சம்பந்தி பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி இருக்கிறேன்.

அந்தத் "தன்னலமற்ற" என்ற சொல்தான் அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் இலவச உணவுக் கிடங்கில் நான் வாராவாரம் வேலை செய்தேன் என்பது உண்மை. டின் அடுக்கினேன், மூட்டை தூக்கினேன், தரை துடைத்தேன். ஆனால் நான் அங்கே போனது வீட்டில் இருக்க முடியாமல். அதைச் சொல்ல அன்றைக்கு மைக் என் கையில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அம்பத்தூரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எட்டு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். 2022 ஏப்ரலில் இங்கே வந்தேன். ஒஹையோ, கொலம்பஸுக்கு வடக்கே ஒரு புறநகர். மனைவிக்கு எச்-1பி என்ற வேலை விசா, எனக்கு அவளைச் சார்ந்து வந்த எச்-4, அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு எச்-4 இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் மனைவியாக இருக்கும். கணவனாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். இங்கே எச்-4 காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் என்னைச் சேர்த்த மறுநாள் காலை வந்த முதல் செய்தி, "ஹாய் லேடீஸ்." இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டேன். யாரும் பதில் போடவில்லை.

ஊரில் என் மாமனார் பாடுதான் திண்டாட்டம். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் முதல் ஆறு மாதம் "ரெஸ்ட்ல இருக்கார்" என்றார். எனக்கு ஏதோ ஆபரேஷன் ஆனது போல. கிடங்குக்கு நான் போக ஆரம்பித்ததும் அவருக்கு உயிர் வந்தது. "அங்க ஒரு என்ஜிஓல பெரிய பொறுப்பு" என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லிச் சொல்லியே கடைசியில் அது கொஞ்சம் உண்மையாகவும் ஆனது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஒன்பது இலக்கங்கள்

வேலை செய்யக்கூடாது என்பது பெரிய கஷ்டம்தான். ஆனால் அதைத் தினமும் யாரும் வந்து நினைவுபடுத்துவதில்லை. தினமும் நினைவுபடுத்துவது சின்ன விஷயங்கள். கரண்ட் பில்லில் ஒரு குளறுபடி என்று போன் செய்தால், "கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு பேசலாமா?" என்பார்கள். மனைவி பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருப்பாள். கதவைத் தட்டி, சைகை காட்டி, மியூட்டில் போட்டுவிட்டு அவள் வந்து, "இவர் என் கணவர், இவரிடம் பேசலாம், நான் சம்மதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். முப்பத்தெட்டு வயதில், என்னிடம் பேச இன்னொருவர் சம்மதம் தர வேண்டியிருந்தது. பேங்க், இன்சூரன்ஸ், இன்டர்நெட் எல்லாவற்றிலும் நான் இரண்டாவது பெயர். இங்கே எதற்கெடுத்தாலும் கேட்கும் ஒன்பது இலக்க அரசாங்க எண், சோஷியல் செக்யூரிட்டி எண், எனக்குக் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போனபோது, எனக்கு அந்த எண் கிடைக்கத் தகுதி இல்லை என்று அரசாங்க அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். தகுதி இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடிக்கடி கேட்கிறார்கள்.

சம்பளத்துக்குத்தானே வேலை செய்யக்கூடாது, சும்மா செய்யலாமே என்று தோன்றியது. அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தன்னார்வலர்கள் வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தேன். மூன்றாவது பக்கத்தில் பின்னணி விசாரணை. ஒன்பது இலக்க எண்ணைப் போடாமல் அடுத்த பக்கம் போகாது. ஒன்பது பூஜ்யம் போட்டுப் பார்த்தேன், சிவப்பாகத் திட்டியது. மின்னஞ்சல் எழுதினேன். என் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. பிறகு ஒரு மருத்துவமனை, அங்கேயும் அதே மூன்றாவது பக்கம். இலவசமாகத் தரை துடைக்கக்கூட இந்த நாட்டில் நம்பர் வேண்டும் என்று அன்றைக்கு மனைவியிடம் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்கள் அந்த வருடம் நிறைய இருந்தன.

தேவாலயக் கிடங்கில் எந்தப் பக்கமும் இல்லை. உள்ளே போனதும் ஒரு அம்மா, எண்பதை ஒட்டிய வயது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாற்பது பவுண்ட் தூக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். கையுறை கொடுத்தார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அடுப்பு இல்லை

அமெரிக்காவில் உணவு வங்கி என்ற ஏற்பாடு 1967-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவரால் தொடங்கியது. கடைகள் தூக்கிப் போடும் நல்ல உணவைச் சேமித்து வைத்து, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ள பேங்க் மாதிரி ஓர் இடம். இன்றைக்கு வட்டாரத்துக்கொரு பெரிய வங்கி, அதன் கீழே எங்களைப் போல நூற்றுக்கணக்கான சின்னக் கிடங்குகள். செவ்வாய்க்கிழமை காலை லாரி வரும், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஜனங்கள் வருவார்கள். நம்ம ரேஷன் கடை மாதிரிதான், ஆனால் இங்கே எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் முழுக்கக் கேரட். ஒரு வாரம் இருநூறு டப்பா தயிர், நாளை மறுநாள் தேதியோடு. அந்தத் தேதி விஷயம் எனக்குப் பழகவே பல மாதம் ஆனது. குழந்தைகளுக்கான பால் பவுடர் தவிர மற்ற உணவுக்கெல்லாம் தேதி போட்டே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் இல்லை. டின் மேல் இருக்கும் தேதி கம்பெனிக்காரன் தன் தரத்துக்குச் சொல்லும் தேதி, அது தாண்டினால் விஷமாகிவிடாது. ஆனால் தேதி தாண்டிய சரக்கைப் பார்த்தாலே ஸ்கிராப் சீட்டு எழுதிப் பழகிய கை என்னுடையது. முதல் மாதம் ஒரு பெட்டி தக்காளி டின்னைக் குப்பையில் போட்டுவிட்டு அந்த அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யாரும் எடுக்காத ஒன்று உண்டு, பருப்பு. மத்திய விவசாயத் துறையிலிருந்து பை பையாக லென்டில்ஸ் வரும். நம்ம மைசூர் பருப்பேதான், தோல் எடுக்காதது. டின் பீன்ஸ் பறக்கும், இது மலையாகக் கிடக்கும். எனக்கோ மனசு கேட்கவில்லை. அரைப் பக்கத்தில் ஒரு செய்முறை எழுதி, பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பையிலும் ஒட்டினேன். வெங்காயம், பூண்டு, உப்பு, அரை மணி நேரம் கொதி. மஞ்சளைக்கூட விட்டுவிட்டேன், அவர்கள் வீட்டில் இருக்காதே என்று. அந்த சனிக்கிழமை ஒவ்வொருவரிடமும் விற்பனைப் பிரதிநிதி மாதிரி பேசினேன். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார். பிள்ளைகளுக்கு எவ்வளவு சத்து தெரியுமா என்றெல்லாம் சொன்னேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னிடம் அடுப்பு இல்லை" என்றார். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் அறை ஒன்றில் வார வாடகைக்கு இருக்கிறார்கள். மைக்ரோவேவ் மட்டும் உண்டு. டின் திறப்பான்கூடக் கிடையாது. அவர் வரிசையில் ஒவ்வொரு டின்னாக எடுத்துத் தலையைப் பார்த்தது, இழுத்துத் திறக்கும் வளையம் இருக்கிறதா என்றுதான். நான் அத்தனை மாதமும் அதைத் தேதி பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து வளையம் வைத்த டின்களைத் தனி அலமாரியில் வைத்தேன். ஒரு டஜன் டின் திறப்பான் வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுத்தோம். எட்டு வருட ஸ்டோர்ஸ் அனுபவத்தில் நான் செய்த ஒரே உருப்படியான அலமாரி மாற்றம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பருப்பில் பாதியை நானே வீட்டுக்கு எடுத்துவந்தேன். தப்பில்லை, எழுதி வைத்துவிட்டுத்தான்.

சனிக்கிழமைகளில் தொண்டு செய்ய வருகிறவர்கள் மூன்று வகை. தேவாலயத்துப் பெரியவர்கள் ஒரு வகை. காலேஜ் விண்ணப்பத்தில் காட்ட மணிக்கணக்கு வேண்டிய பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு வகை. அவர்களில் நம் பிள்ளைகள் நிறைய. வாசலில் டெஸ்லாவில் அம்மா காத்திருக்க, மூன்று மணி நேரம் அட்டைப் பெட்டி மடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். மூன்றாவது வகை, கோர்ட் அனுப்புகிறவர்கள். சின்னக் குற்றத்துக்கு ஜெயிலுக்குப் பதிலாக, இத்தனை மணி நேரம் சமூகப் பணி செய் என்று நீதிபதி உத்தரவு போட்டிருப்பார். அப்படி வந்த ஒருவர், மீன்பிடித் தொப்பி போட்டவர், ஒரு மாதமாக என்னோடுதான் பெட்டி இறக்கினார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் இருவரும் வாசற்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டார், "உனக்கு எத்தனை மணி நேரம் போட்டார்கள்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். இல்லை, நான் சும்மா வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. செவ்வாயும் வருகிறாய், சனியும் வருகிறாய், ஒரு வருடத்துக்கு மேலாக வருகிறாயாமே, என்ன செய்தாய் என்றார். விசாவைப் பற்றிச் சொன்னேன். வேலை செய்ய அனுமதி இல்லை, மனைவி கம்பெனி கிரீன் கார்டுக்குப் போட்டிருக்கிறது, ஒரு கட்டம் தாண்டினால் எனக்கு அனுமதி கேட்கலாம், அது எப்போது வரும் என்று தெரியாது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு அறுபது மணி நேரம்தான்" என்றார். அதில் கிண்டல் இல்லை. என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

31 டாலர் 80 சென்ட்

2023 பிப்ரவரியோடு, கோவிட் காலத்தில் கூடுதலாகத் தந்துகொண்டிருந்த உணவு மானியம் நாடு முழுக்க நின்றது. எங்கள் வாசலில் வரிசை தெருமுனை வரை போனது. கிடங்குக்குப் பணம் தேவைப்பட்டது. ஓர் அறக்கட்டளைக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள், கணக்கு தெரிந்தவன் என்று அட்டவணை வேலையை என்னிடம் தந்தார்கள். அதில் தன்னார்வலர்களின் உழைப்பையும் பணமாகக் காட்டலாம். இண்டிபெண்டென்ட் செக்டார் என்ற அமைப்பு வருடாவருடம் ஒரு மணி நேரத் தொண்டின் மதிப்பு இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும். 2022-க்கு 31 டாலர் 80 சென்ட். என் பெயருக்கு நேரே 410 மணி நேரம். பெருக்கினேன், 13,038 டாலர். வந்த நாளிலிருந்து என் பெயரில் இந்த நாட்டில் எழுதப்பட்ட முதல் தொகை. அதையும் நானே டைப் அடித்தேன். கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனேன்.

அக்டோபரில் அந்த எண்பது வயது அம்மா மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் மட்டும்தான் கிடங்கில் சம்பளம் வாங்கியவர், வாரத்துக்கு இருபது மணி நேரம். போகும்போது சாவியை என் கையில் வைத்தார். ஒரு நீலப் பிளாஸ்டிக் வில்லை, அதோடு ஒரு சின்ன டின் திறப்பான் கோத்திருந்தது. புது ஆள் கிடைக்கும் வரை பார்த்துக்கொள் என்றார். ஆறு வாரம் நான்தான் கிடங்கு. திங்கள் இரவு வட்டார வங்கியின் இணையதளத்தில் ஆர்டர் போடுவேன், செவ்வாய் காலை ஆறரைக்கு லாரிக்காரருக்குக் கதவைத் திறப்பேன். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை வான்கோழி வினியோகம், நூற்றுச் சொச்சம் குடும்பம், ஒரு சண்டை இல்லை, ஒரு பறவை குறையவில்லை. அன்று ராத்திரி என்னைப் பெற்ற அம்மாவுக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். "உன் குரலே மாறிப்போச்சுப்பா" என்றார்.

மறுவாரம் நிர்வாகக் குழுவில் கூப்பிட்டார்கள். ஏழு பெரியவர்கள், நடுவில் ஒரு தட்டில் குக்கீஸ். அந்த வேலையை எனக்கே தருகிறோம், மணிக்கு 17 டாலர் என்றார்கள். எல்லோர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் விளக்கினேன், முடியாது என்று. அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. ஒருவர் என் பக்கம் சாய்ந்து, நல்ல எண்ணத்தோடுதான், "அப்படியென்றால் சம்பளம் இல்லாமலே தொடர்ந்து செய், அனுமதி வந்ததும் தருகிறோம்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டு வந்தேன்.

மனைவிதான் எதற்கும் கேட்டுவிடலாம் என்று கம்பெனி வக்கீலுக்கு எழுதினாள். பதில் நாலு வரி. சம்பளம் உள்ள பதவி அது. அதே வேலையை இலவசமாகச் செய்தாலும் அனுமதியில்லாத வேலை என்று பார்க்கப்படலாம். பின்னால் சம்பளம் வரும் என்ற எதிர்பார்ப்போடு செய்தால் நிலைமை இன்னும் மோசம். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டின் அடுக்குவது, பெட்டி மடிப்பது பரவாயில்லை, அதை யாரும் சம்பளத்துக்குச் செய்வதில்லை.

அதாவது, நான் உதவாத வரைக்கும் உதவலாம். ஒருவர் சம்பளம் வாங்கிச் செய்யக்கூடிய அளவுக்கு நன்றாகச் செய்துவிட்டால் தப்பு. சட்டத்தின் நியாயம் புரியாமல் இல்லை. இலவச ஆள் கிடைக்கிறான் என்று சம்பளக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். அம்பத்தூரில் அப்ரெண்டிஸ் என்ற பெயரில் என்னென்ன நடக்கும் என்று பார்த்தவன் நான், அந்த விதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு நியாயம் உதவவில்லை. அந்த ஆறு வாரம்? அதற்கு என்ன பெயர்? யாராவது கேட்டால் என்ன சொல்வது? குழுவுக்கு எழுதிக்கொடுத்த காகிதத்திலெல்லாம் என் கையெழுத்து இருக்கிறதே என்று எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

"சாவியைக் குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். புது ஆள் வரட்டும், லாரி வருகிறதே, யார் திறப்பார்கள் என்றேன். அன்றைக்குத்தான் இங்கே வந்த பிறகு பெரிய சண்டை. "உங்களுக்கு அந்தச் சாவி முக்கியமா, நம்ம பேப்பர் முக்கியமா?" என்றாள். நான் ஏதோ சொன்னேன், இங்கே எழுதக்கூடாதது. அவள் ரொம்ப நேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "வேலை இல்லாம இருக்கறது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இந்த வேலையை விடவே முடியாதுன்னு இருக்கறது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?" அவள் மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். அவள் எதற்காக அங்கே இன்னும் இருக்கிறாள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. விசா என் கழுத்தில் மட்டும் கட்டிய கயிறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாவியைக் கொடுத்தேன். டின் திறப்பானை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கழற்றவில்லை.

புதிதாக வந்தவர் இருபத்தைந்து வயதுப் பெண், கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரம். முதல் வாரமே வளையம் வைத்த டின்களை மற்றவற்றோடு கலந்து அடுக்கிவிட்டார், அழகாக இருந்தது. ஏன் தனியாக வைத்திருந்தோம் என்று மோட்டல் கதையைச் சொன்னேன். பிரித்து வைத்தார். ஆர்டரில் பருப்பை அள்ளிப் போட்டார். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, இணையதளப் பக்கம் போவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். பொன்னாடை போர்த்தியது இதற்கெல்லாம் அப்புறம். விழாவுக்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் போன் செய்து, "உங்க பொறுப்பு என்னன்னு ரெண்டு வரி அனுப்புங்கண்ணா" என்று கேட்டார். டின் அடுக்குகிறேன் என்று அனுப்பினேன். அவர் அதை "தன்னலமற்ற சேவை" என்று மொழிபெயர்த்துக்கொண்டார். வீடியோவை மாமனார் ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்.

கிரீன் கார்டில் நான் சொன்ன அந்தக் கட்டம், ஐ-140 என்ற மனுவுக்கான ஒப்புதல், இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. சனிக்கிழமை இன்னமும் போகிறேன். செவ்வாய் போவதில்லை. போன செவ்வாய் காலை ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. வெளியே முழங்கால் பனி. அந்தப் பெண்தான், பின்னால் லாரி உறுமும் சத்தம் கேட்டது. பேலட் தள்ளும் வண்டியைக் காணவில்லை, லாரிக்காரர் கத்துகிறார், எங்கே இருக்கும் தெரியுமா என்றார். நான் ஒரு கையில் ஜாக்கெட்டை எடுத்துவிட்டிருந்தேன். மனைவி காப்பிக் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஃப்ரீசருக்குப் பின்னால்" என்றேன். "சக்கரம் இடது பக்கம் இழுக்கும், பார்த்துத் தள்ளு."